கோச் மணியின் குரல்

எட்வின் ஞானசிகாமணி அமெரிக்காவில் டொலீடோ ஹெரன்ஸ் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளராகி ஒன்பதாவது ஆண்டு. ஒரு டிசம்பர் செவ்வாய்க்கிழமை காலையில் அவர் மனைவி பியூலா அவரிடம் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டாள்.

"இடியாப்பத்துக்குச் சொதி ஊத்தவா, தேங்காப்பால் போதுமா?"

அவர் அப்போதுதான் குளித்துவிட்டுத் தலை துவட்டியபடி சமையலறைக்குள் வந்திருந்தார். கேள்வி காதில் விழுந்தது முகத்தில் தெரிந்தது. வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. லிப்டில் உடன் வரும் அந்நியரைப் பார்த்துச் சிரிப்பதுபோல அவளைப் பார்த்துச் சிரித்தார். வலது கை தானாக எழுந்து காதைத் தொட்டது. காது வெறுமையாக இருந்தது. திரும்பிக் குளியலறைக்குப் போனார். அரை நிமிடத்தில் வந்தார்.

"சொதி ஊத்து பியூலா. பாலு வேண்டாம், நேத்தே வயிறு சரியில்ல" என்றார்.

பியூலா ஊற்றினாள். இப்போது அவர் காது வெறுமையாக இல்லை என்பதைப் பார்த்தாள்.

காதில் அவர் வைத்திருப்பது என்ன என்று அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். லீக்கில் உள்ள எல்லாப் பயிற்சியாளர்களும் வைத்திருப்பதுதான். பிராம்ப்டர் என்பார்கள். பட்டாணி அளவுக் கருவி. அமெரிக்கக் கால்பந்து பேருக்குத்தான் கால்பந்து. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், எதிரணியினர் மேலே பாய்ந்து சாய்ப்பார்கள். ஒவ்வொரு சாய்ப்புக்கும் பிறகு நாற்பது நொடி இடைவெளி. அந்த நாற்பது நொடிக்குள் அடுத்து என்ன செய்வதென்று தலைமைப் பயிற்சியாளர் முடிவெடுக்க வேண்டும். எத்தனை நொடி மிச்சம், எந்த ஆட்டக்காரன் களைத்திருக்கிறான், எதிரணி இதே இடத்தில் போன தடவை என்ன செய்தது என்பதையெல்லாம் பிராம்ப்டர் காதில் சொல்லும். அவ்வளவுதான் என்று பியூலா நினைத்திருந்தாள்.

மறுநாள் அவர் குளிக்கப் போனதும், கண்ணாடி முன் இருந்த சின்னப் பெட்டியை எடுத்துத் தன் ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டாள். செய்வது தப்பு என்று தெரிந்தேதான் செய்தாள்.

அவர் வந்தார். கண்ணாடி முன்னால் தேடினார். தரையில் குனிந்து பார்த்தார். துண்டோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க தேடுதீங்க?"

"அது..." என்றார். "அது வந்து..." ஆள்காட்டி விரலால் காதைக் காட்டினார். பிறகு அவளையே பார்த்தார். அவளை அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவள் பெட்டியை எடுத்திருக்கிறாள் என்பதும் தெரிந்திருந்தது. வார்த்தை மட்டும்தான் இல்லை. கண்கள் நிறைந்தன. அவள் அவசரமாகப் பெட்டியை எடுத்து நீட்டினாள். அவர் கருவியைப் பொருத்திக்கொண்டார்.

"உன்கிட்ட முன்னாலேயே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்" என்றார் தெளிவாக.

"இப்பப் பேசுதது யாரு?"

ஒரு கணம் தாமதித்தார். "நான்தான், பியூலா."



எட்வினின் அப்பா நாசரேத்திலிருந்து ஒஹாயோவுக்குப் போய்க் குடியேறிய டாக்டர். மகனும் டாக்டராவான் என்று நினைத்திருந்தார். மகன் பதினைந்து வயதில் ஆறடியைத் தாண்டினான். பள்ளிக்கூடக் கோச் வீட்டுக்கே வந்து கேட்டார். அப்படிப் போனவன் கல்லூரியில் லைன்பேக்கர் ஆனான். பந்தோடு ஓடி வருகிறவனை மோதி நிறுத்துகிற வேலை. அதன் பிறகு லீக்கில் நான்கு ஆண்டுகள். ஆட்டவிதி என்ன சொன்னாலும் அந்த வேலையில் முதலில் முட்டுவது தலைதான். முழங்கால் பழுதானதும் உதவிப் பயிற்சியாளரானார், பிறகு தற்காப்புப் பிரிவுக்குப் பொறுப்பு, நாற்பத்து மூன்று வயதில் தலைமைப் பயிற்சியாளர். தமிழ்ப் பெயர்களைச் சொல்ல வராத ஊர் அவரைக் கோச் மணி என்றது. முதல் ஆண்டு பதினேழு ஆட்டத்தில் நான்கு வெற்றி. இரண்டாம் ஆண்டு ஆறு. மூன்றாம் ஆண்டு பிராம்ப்டர் வந்தது. அதற்குப் பிறகு தோல்வி அபூர்வமானது.

பெட்டியின் அடியில் உதவி எண் ஒன்று பொறித்திருந்தது. பியூலா கூப்பிட்டாள். பெயரைச் சொன்னதும் இணைப்பை வேறு யாருக்கோ மாற்றினார்கள். பிறகு ஒரு பெண் குரல் தமிழில் வந்தது.

"பியூலாக்காங்களா? நான் கார்குழலிங்க. நீங்க ஒரு நாளைக்குக் கூப்புடுவீங்கன்னு தெரியுமுங்க."

இருவரும் ஆற்றங்கரையில் ஒரு காபிக்கடையில் சந்தித்தார்கள். கார்குழலிக்கு முப்பது வயது இருக்கும். கோபிசெட்டிபாளையத்துக்காரி. பிராம்ப்டர் செய்கிற கம்பெனியில் மொழிப் பொறியாளர்.

"மொதல்ல ஆட்டத்துக்கு மட்டுந்தானுங்க இருந்துச்சு" என்றாள். "மூணு வருசத்துக்கு முன்னாடி கிளப் டாக்டர் ஸ்கேன் எடுத்தப்போ, மூளையில அங்கங்க செத்துப் போயிருக்குதுன்னு தெரிஞ்சுது. சின்ன வயசுல வாங்குன அடிதானுங்க, எல்லாம். என்ன சொல்லணும்னு அவருக்குத் தெரியும், அதுக்கு வார்த்தை வராது. நாள் போகப் போக என்ன சொல்லணுங்கறதும் தெரியாமப் போயிரும்னு டாக்டர் சொன்னாரு. அவரு பேசின பேச்சு மூணு வருசத்துது மெசின்கிட்ட இருந்துச்சு. யாரு என்ன கேட்டா அவரு என்ன சொல்லுவாருன்னு அதுக்குத் தெரியும். காதுல சொல்லும். அவரு திருப்பிச் சொல்லுவாரு."

"ஆட்டத்துக்குச் சரி. வீட்டுல?"

கார்குழலி கோப்பையைச் சுற்றிச் சுற்றி நகர்த்தினாள்.

"வீட்டுல அவரு தமிழ் பேசறாருங்கல்ல. மெசினுக்கு அந்தத் தமிழ் வராது. அதுவும் உங்க ஊர்த் தமிழு. வீட்டுல பேச்சு வராமப் போனா நீங்க டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போவீங்க, விசயம் வெளிய தெரிஞ்சுரும். அதுக்குத்தானுங்க ரெண்டு வருசம் முன்னாடி என்னைய எடுத்தாங்க. அவரு கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தாரு. என்னோட வேலையே உங்க வீட்டுப் பேச்சுதானுங்க்கா."

பியூலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போன வருடம் பாளையங்கோட்டையில் அவள் அப்பா இறந்துபோனபோது பனிப்புயலில் விமானம் இல்லை. போக முடியவில்லை. அன்று முழுவதும் எட்வின் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்பாவைப் பற்றி எட்வின் சொன்ன ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த வாரத்தைக் கடந்தாள். யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை.

"எங்க அப்பா தவறின அன்னைக்கு அவிய ஒண்ணு சொன்னாவ" என்றாள். "அது..."

"எல்லாம் பதிவுல இருக்குதுங்க்கா. மெசின் சொல்லிக் கொடுத்துச்சா, அவராச் சொன்னாரான்னு பாத்தாத் தெரிஞ்சுரும்." கார்குழலி தன் கணினியைத் திறந்தாள். "பாக்கட்டுங்களா?"

"வேண்டாம்."

"சரிங்க்கா."

"மூடு அதை. மூடிரு."

அடுத்த நாள் கிளப்பின் பொது மேலாளர் கிளைனைப் போய்ப் பார்த்தாள். மரியாதையான மனிதர். கதவு வரைக்கும் வந்து அழைத்துப் போனார். அவள் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார்.

"மிசஸ் மணி, அவர் எப்போது வேண்டுமானாலும் ஓய்வு பெறலாம்" என்றார். "இன்றைக்கே என்றாலும் சரி. ஆனால் கருவி கிளப்புடையது. அதற்குள் இருக்கும் குரலும் கிளப்புடையதுதான். போகிற அன்றைக்கே திருப்பித் தரவேண்டும். உங்கள் கணவர் தெளிவாக இருந்தபோது படித்துப் பார்த்துப் போட்ட கையெழுத்து."

"அவர் ஒரு நோயாளி."

"இந்த ஆண்டு பதினோரு ஆட்டம் ஜெயித்திருக்கிறார். அவரால் யோசிக்க முடியாது என்று எந்த டாக்டர் எழுதிக் கொடுப்பார்?"

 உண்மையிலேயே எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்த வாரம் இரண்டு பேரிடம் கூட்டிப் போனாள். இருவரிடமும் எட்வின் சிரிக்கச் சிரிக்கப் பேசினார். ஒருவர் தன் மகனுக்கு அவரிடம் ஆட்டோகிராப் வாங்கிக்கொண்டார்.

கடைசியில் அவரையே கேட்பதென்று முடிவு செய்தாள். அவர் சம்மதத்தோடு கருவியைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். எதிரில் உட்கார்ந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"விட்டுரலாமாங்க? நாம ரெண்டு பேரும் வீட்டுல இருப்போம். நீங்க பேசாட்டாலும் பரவால்ல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நெற்றி நரம்பு புடைத்தது. கனமான ஒன்றைத் தூக்கப் பார்க்கிறவர் போல மூச்சு வாங்கினார். சுவர்க்கடிகாரத்தில் நான்கு நிமிடம் ஆனதை அவள் பார்த்தாள்.

"பயலுவ" என்றார். "பயலுவ... இருக்கானுவல்லா."

அவருடைய ஆட்டக்காரர்களைச் சொன்னார். ஐம்பத்து மூன்று பேர். அவள் கருவியை எடுத்து அவர் காதில் தானே பொருத்திவிட்டாள்.

அரையிறுதி ஆட்டம் ஜனவரி இரண்டாம் ஞாயிறு பகல் ஒரு மணிக்கு டொலீடோவிலேயே நடந்தது. ஏரிக்காற்று முகத்தை அறுத்தது. பியூலா வழக்கமாகக் குடும்பத்தினருக்கான கண்ணாடி அறையில் இருப்பாள். அன்று கீழே, மைதானக் கோட்டுக்குப் பத்து வரிசை தள்ளி, குளிரில் உட்கார்ந்தாள். கார்குழலியும் உடன் வந்திருந்தாள்.

அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிபவன், டெஸ்மண்ட் வேல்ஸ். இருபத்து நான்கு வயது. ஆட்டமே அவன் கையைச் சுற்றித்தான் நடக்கும். ஆட்டத்தின் நான்காவது, கடைசிக் கால்பகுதி தொடங்கிச் சில நிமிடங்களில், அவன் பந்தை விட்ட மறுநொடி, நூற்று முப்பது கிலோ எடையுள்ள ஒருவன் பக்கவாட்டில் வந்து அவனைத் தூக்கித் தரையில் அடித்தான். தலைக்கவசம் தரையில் மோதி எழும்பி மறுபடி மோதியது. 

எழுந்து நடந்துதான் வந்தான். லீக் வைத்திருக்கிற டாக்டர் கூடாரத்துக்குள் கூட்டிப் போய் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்டினார். ஆடலாம். இனி முடிவு தலைமைப் பயிற்சியாளருடையது. ஹெரன்ஸ் மூன்று புள்ளி பின்னால். பதினோரு நிமிடம் மிச்சம்.

பெரிய திரையில் எட்வினின் முகம் வந்தது. டெஸ்மண்ட் அவர் முன்னால் தலைக்கவசத்தோடு நின்றான். மூன்று விரல்களால் அதன் நாடாவை மாட்டப் பார்த்தான். கொக்கி துவாரத்தில் விழவில்லை. மறுபடி பார்த்தான். விழவில்லை. அவன் சிரித்தான்.

"இப்ப அது என்ன சொல்லும் அவருகிட்ட?" என்றாள் பியூலா.

"'போ'ன்னுதாங்க்கா சொல்லும்" என்றாள் கார்குழலி. "டாக்டர் சரின்னுட்டாருல்லீங்க. ஜெயிக்கறதுக்கு எது நல்லதோ அதை ஒரு படி முன்னால வெக்கச் சொல்லி கிளப்புல கேட்டாங்க. போன வருசமே வெச்சாச்சுங்க."

"அவிய அப்படிச் சொல்லமாட்டாவ."

கார்குழலி திரையைக் காட்டினாள்.

திரையில் எட்வினின் உதடுகள் திறந்தன. மூடின. திரும்பத் திறந்தன. பிறகு அவர் பெரிய ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் விட்டார். வலது காதுக்குள் விரலை விட்டுச் சின்னதையும் எடுத்தார். அதைக் கோட்டுப் பையில் போட்டார். டெஸ்மண்டின் கையிலிருந்து தலைக்கவசத்தை வாங்கினார். அவன் தோளில் கை வைத்து அழுத்தி பெஞ்சில் உட்காரவைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்து, தலைக்கவசத்தை மடியில் இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

உதவிப் பயிற்சியாளர்கள் ஓடி வந்தார்கள். டெஸ்மண்ட் தலைக்கவசத்தைப் பிடுங்கப் பார்த்தான்; கத்தினான். ஒருவர் மண்டியிட்டு எட்வின் முகத்துக்கு நேரே ஏதோ கேட்டார். எட்வின் தலையை மட்டும் இடம் வலமாக ஆட்டினார். நாற்பது நொடி கரைந்து அபராதம் விழுந்தது. கடைசியில் தாக்குதல் பிரிவின் பயிற்சியாளர் தானே பொறுப்பை எடுத்துக்கொண்டு மாற்று ஆட்டக்காரனை அனுப்பினார். அந்தப் பையன் எறிந்த இரண்டு பந்துகள் எதிரணிக்காரர்கள் கையில் போய் விழுந்தன; ஹெரன்ஸ் தோற்றது. ஆட்டம் முடியும்வரை எட்வின் பெஞ்சை விட்டு எழவில்லை. கூட்டம் அவர் பெயரைச் சொல்லி ஊளையிட்டது. பியூலா எழுந்து நின்று கைதட்டினாள். பக்கத்து வரிசைக்காரர் ஒருவர் அவளை முறைத்தார்.

ஆட்டம் முடிந்த பிறகு பத்திரிகையாளர் சந்திப்பு கட்டாயம். யாரோ அவர் காதில் கருவியைத் திரும்ப வைத்திருந்தார்கள். "முடிவு என்னுடையது. பொறுப்பும் என்னுடையது. பையன்களைக் குறை சொல்லாதீர்கள்" என்று கண்ணியமாகப் பேசினார். எதற்காக அப்படிச் செய்தீர்கள் என்று ஆறு விதமாகக் கேட்டார்கள். ஆறு விதமாகவும் நன்றாகவே பதில் சொன்னார். அதில் ஒன்றில்கூடக் காரணம் இல்லை.

டெஸ்மண்டுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். சுத்தமாக இருந்தது. "எனக்கு ஒன்றுமில்லை. கோச் என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியவில்லை. இந்த ஆண்டை எங்களிடமிருந்து பிடுங்கிவிட்டார்" என்று தொலைக்காட்சியில் சொன்னான். ஸ்கேனில் எல்லாம் தெரியாது என்று பியூலாவுக்குத் தோன்றியது. ஒருவேளை அவனுக்கு உண்மையிலேயே ஒன்றும் இல்லாமலும் இருந்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலை வேலையிலிருந்து நீக்கினார்கள். பத்து மணிக்குக் கிளப்பிலிருந்து ஓர் ஆள் வந்தார். ஒப்படைக்க வேண்டியவற்றின் பட்டியல் வைத்திருந்தார்: டேப்லெட், அலுவலகச் சாவி, அடையாள அட்டை, பிராம்ப்டர். எட்வின் எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைத்தார். வந்தவருக்குத்தான் சங்கடமாக இருந்தது. தரையைப் பார்த்தபடி, "மன்னிக்கணும் கோச்" என்றார்.

"உங்க வேலையைத்தானே செய்யறீங்க" என்றார் எட்வின் ஆங்கிலத்தில். "ரோடெல்லாம் பனிக்கட்டி. பாத்து ஓட்டிட்டுப் போங்க."

பிறகு கருவியைக் கழற்றி, பெட்டியில் வைத்து, மூடி, நீட்டினார். அதன் பிறகு அவர் பேசவில்லை.

மார்ச் மாதம் கார்குழலி ஒரு கூடை ஆரஞ்சோடு வந்தாள். எட்வின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்துச் சிரித்தார். அவள் யாரென்று அவருக்குத் தெரியாது. இரண்டு வருடமாக அவர் பேச்சுக்குள்ளேயே குடியிருந்தவள் சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதாள்.

"ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தனுங்க்கா" என்றாள் பிறகு. "அன்னைக்கு ஆட்டத்தோட பதிவைப் பாத்தேன். 'உனக்கு ஒண்ணுமில்ல, போ'ன்னு மூணு தடவ எடுத்துக் கொடுத்துருக்குதுங்க. வாயைத் தொறந்து தொறந்து மூடிருக்காரு. மெசின் சொல்லி அவரு திருப்பிச் சொல்லாத இடம் மூணு வருசத்துல அது ஒண்ணுதானுங்க."

பியூலா ஆரஞ்சை உரித்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் பேச்செல்லாம் இப்ப எங்க இருக்கு?"

"தமிழை அழிச்சுட்டாங்க்கா. அது இனி யாருக்குந் தேவையில்லைன்னு போன வாரம் என்னையவே அழிக்கச் சொன்னாங்க. செஞ்சுட்டேன்." குரல் இறங்கியது. "நான் வேலைய விட்டுட்டேன், அதுக்குப் பொறவு."

"இங்கிலீஷு?"

"அதை வெச்சிருக்காங்க."

எதற்கு என்று பியூலா கேட்கவில்லை. கேட்டால் கார்குழலி சொல்லிவிடுவாள் என்று தோன்றியது.

கோடை போனது. எட்வின் தானாகச் சாப்பிட்டார், தானாக நடந்தார், தெருமுனை வரை போய்ச் சரியாகத் திரும்பி வந்தார். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார். பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் நின்று துடைத்து வைத்தார். பியூலா இரண்டு பேருக்குமாகப் பேசிப் பழகிக்கொண்டாள்.

செப்டம்பரில் புதிய பருவத்தின் முதல் ஆட்டம். ஹெரன்ஸ் ஜெயித்தது. தொலைக்காட்சியில் புதிய தலைமைப் பயிற்சியாளர் வந்து உட்கார்ந்தார். கானர் ஹைட், முப்பத்தாறு வயது, மெலிந்த ஆள். முதல் ஆட்டத்திலேயே பந்தைக் கைநழுவ விட்ட புதுப் பையனைப் பற்றி ஒருவர் கேட்டார். ஹைட் உடனே பதில் சொல்லவில்லை. கேட்டவரின் பெயரை முதலில் விசாரித்தார். பிறகு அந்தப் பையன் வளர்ந்த ஊரைப் பற்றியும், அவன் அம்மா பேருந்து ஓட்டுவதைப் பற்றியும், ஈரமான பந்து எப்படி வழுக்கும் என்பதைப் பற்றியும் பேசினார். பத்திரிகையாளர்கள் குறிப்பெடுப்பதை விட்டுவிட்டுக் கேட்டார்கள்.

பியூலா சோற்றுத் தட்டைக் கீழே வைத்தாள். ஒவ்வொரு வாக்கியமும் எங்கே வளையும், எங்கே நிற்கும், எந்த இடத்தில் ஒரு சின்னக் கேலி வரும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது. குரல்தான் வேறு. இருபத்தாறு வருடம் எட்வினிடம் அவள் கேட்ட பேச்சு.

எட்வின் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். தொலைக்காட்சியை உற்றுப் பார்த்தார். நெற்றி நரம்பு புடைத்தது. கையிலிருந்த கரண்டியை நீட்டித் திரையைக் காட்டினார்.

"இந்தப் பய" என்றார்.

எட்டு மாதத்தில் அவர் பேசிய முதல் சொல். பியூலா அசையவில்லை. மிச்சம் வருவதற்காகக் காத்திருந்தாள்.

"இந்தப் பய... நல்லாப் பேசுதான்."

"ஆமாங்க" என்றாள் அவள். "நல்லாப் பேசுதான்."

அவருக்கு இன்னும் தெளிவாகக் கேட்கட்டும் என்று ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள்.